டின் அப்பா

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் பாதி ஊருக்கு என் மனைவியையும் மகளையும் தெரியும். சமையல் எண்ணெய் டின் ஒன்றின் மேல் நாங்கள் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்போம். கீழே கொட்டை எழுத்தில், 'எங்கள் குடும்பம் நம்பும் எண்ணெய்.' நல்ல தகரம், இறுக்கமான மூடி என்பதால் டின் காலியான பிறகும் யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். மாவோ, சர்க்கரையோ, பழைய சாவிகளோ, எதையாவது போட்டு வைத்துக்கொள்வார்கள். அதனால் எண்ணெய் தீர்ந்தாலும் நான் தீரவில்லை. "அம்மா, டின் அப்பா போறாரு!" என்று தெருவில் குழந்தைகள் கத்தும்.

எனக்கு வேலை ஹார்டுவேர் கடையில். ஆணி, குழாய், பூட்டு, பசை விற்பேன். அன்றும் இதே கடைதான். ஒரு நாள் ஒரு போட்டோகிராபர் விளக்குக்கு ஒயர் வாங்க வந்தார். நான் ஒயரை அளந்துகொண்டிருந்தேன், அவர் என் முகத்தை அளந்துகொண்டிருந்தார். "கொஞ்சம் பல்லைக் காட்டுங்க" என்றார். மாட்டுச் சந்தையா என்று கேட்க வாய்வரை வந்தது. ஆனாலும் காட்டினேன். எதற்கும் ஒரு ஆள் கையில் இருக்கட்டும் என்று வரச் சொன்னார்; மறுநாள் அவர் ஸ்டுடியோவில் இருந்தேன்.

அங்கேதான் அவளைப் பார்த்தேன். கைக்குழந்தைப் பருவம் தாண்டிய மகளோடு வந்திருந்தாள். கூடவே அவள் கணவரும் வந்திருந்தார். தையற்கடையில் கட்டிங் மாஸ்டர். குடும்பமாகத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். வந்த பிறகு, அவருடைய முன்பல் இரண்டும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்ததைப் பார்த்துவிட்டு, அவரை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே பெண்டாட்டி பிள்ளையை இழுத்துக்கொண்டு போயிருப்பான். அவர் சிரித்தார்.

"டின்னுக்கு வேணா அவர் இருந்துட்டுப் போகட்டும். வீட்டுக்கு நான் இருக்கேன்" என்றார்.

குழந்தை என் மடியில் உட்கார மறுத்து வீறிட்டது. போட்டோகிராபர் கிலுகிலுப்பை ஆட்டினார், நாய் மாதிரி குரைத்தார், ஒன்றும் எடுபடவில்லை. அப்போது கட்டிங் மாஸ்டர் விளக்குக்குப் பின்னால் போய் நின்று, கையிலிருந்த துணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அதன் இரண்டு மூலையையும் காதுபோல இழுத்துவிட்டார். குழந்தை சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்த நொடியில் படம் எடுத்துவிட்டார்கள்.

ஆகவே, டின்னில் அவள் முகத்தில் இருக்கிற அன்பு முழுக்க, பையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்ற மனிதருக்கானது. இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்து என்ன? அவள் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. "பாப்பா உதைச்சிட்டாளா? வலிக்குதா?" என்று என்னிடம் கேட்டாள். அவ்வளவுதான் எங்கள் தாம்பத்தியம்.

வீட்டில் சாப்பிடும் இடத்துக்கு எதிரே அந்த டின்னை வைத்தேன். முதலில் விளையாட்டாகத்தான் வைத்தேன். பிறகு டின்னைப் பார்க்காமல் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா கொண்டுவந்த வரன்களை எல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தேன். ஒருத்தி உயரம், ஒருத்தி குள்ளம், ஒருத்தி அதிகம் பேசுகிறாள். அக்கா ஒரு நாள் டின்னைக் காட்டிக் கேட்டாள். "ஏண்டா, இவளுக்கு உசரம் எவ்வளவுன்னாவது உனக்குத் தெரியுமா? உக்காந்தே தானே இருக்கா?"

தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் சிரிக்கும்போது இடது கண் மட்டும் கொஞ்சம் சுருங்கும் என்று தெரியும். டின்னில் அது அச்சாகவில்லை. நேரில் பார்த்த எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒரு கர்வம் இருந்தது.

பிறகுதான் அந்த எண்ணெயின் வண்டவாளம் வெளியே வந்தது. கலப்படமே இல்லாத கடலை எண்ணெய் என்று டின்னில் போட்டிருந்தார்கள்; சோதித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மலிவான வேறு எண்ணெய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சனங்கள் மற்ற எண்ணெய்க் கம்பெனிகளையும் சேர்த்தே கைவிட்டார்கள். எந்தக் கம்பெனி எந்த விளம்பரம் போட்டாலும் "ஆமாமா, டின் குடும்பம் மாதிரிதானே" என்று சிரித்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கம்பெனி முதலாளியின் முகம் யாருக்கும் தெரியாது. என் முகம் அடுப்பங்கரைக்கு அடுப்பங்கரை இருந்தது.

கடையில் ஒரு அம்மாள் தண்ணீர்க் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "துருப்பிடிக்காதும்மா" என்றேன்.

"யாரு, நீ சொல்றியா?" என்று கேட்டுவிட்டுக் குழாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

கடை முதலாளி என்னைப் பின்னால் இருக்கும் கோடவுனுக்கு மாற்றினார். "கோவிச்சுக்காதப்பா. உன் மூஞ்சியப் பார்த்தா பூட்டுக்கூட போலியோன்னு கேக்கறாங்க" என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது.

அதுகூடப் பரவாயில்லை. குப்பைத்தொட்டி ஓரத்தில் ஒரு டின்னைப் பார்த்தேன். மூன்று முகத்தையும் ஆணியால் கீறியிருந்தார்கள். என் முகத்தில் எத்தனை கீறல் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். அவள் என்ன செய்தாள்? அந்த டின்னை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன்.

கம்பெனி கை மாறியது. அதன்பின் ஒரு நாள் என்னைத் தேடி கோடவுனுக்கே ஒரு பெண் வந்தாள். கம்பெனியில் விளம்பரம் முழுதும் இனி அவள் பொறுப்பாம். முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். சிரிப்புக்கும் அவளுக்கும் வெகுதூரம். எண்ணெய்க் கம்பெனிகள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். உண்மையில்லாததைச் சொல்லக் கூடாது. குடும்பமில்லாதவர்களைக் குடும்பம் என்று காட்டக் கூடாது. இதுவரை காட்டியிருந்தால், இல்லை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

"புது டின்ல ரெண்டு எண்ணெய் கலந்திருக்குன்னு முன்பக்கத்துலயே போடறோம். எது எவ்வளவுன்னும் போடறோம்" என்றாள்.

"அப்புறம் யாரு மேடம் வாங்குவாங்க?"

"இப்ப மட்டும் யாரு வாங்கறாங்க? எங்க அம்மாவே வாங்கறதில்ல. பொண்ணு வேலை செய்யற கம்பெனின்னுகூடப் பார்க்கல. அவங்க என்னிக்கு வாங்கறாங்களோ அன்னிக்குத்தான் நான் பரீட்சையில பாஸ்." இதைச் சிரிக்காமல் சொன்னாள். "நம்பிக்கை போன பொருளுக்கு எவ்வளவு விளம்பரம் போட்டாலும் ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற மாதிரிதான். முதல்ல ஓட்டையைக் காட்டணும். அதுக்கு நீங்க வரணும்."

கேமரா முன்னால் உட்கார்ந்து, நாங்கள் குடும்பமில்லை என்று நாங்களே சொல்ல வேண்டுமாம். என் பேர் கெட்டதே போதும், ஆளை விடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவங்களும் வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"வர்றாங்க. பொண்ணு தூரத்துல இருக்கு. அம்மா மட்டும் வர்றாங்க."

"என் மேல இருக்கற களங்கம் போகணும் மேடம். அதுக்காக வர்றேன்" என்றேன். களங்கமாவது, கத்தரிக்காயாவது.

அக்காவின் கணவர் எனக்குச் சட்டை வாங்கித் தந்தார். அக்கா என் தலைச்சாயத்தைப் பிடுங்கி ஒளித்துவைத்தாள். "உண்மையச் சொல்லப் போறவனுக்கு எதுக்குடா கறுப்பு மை?" என்றாள். வீட்டைவிட்டு வெளியே வந்த பிறகும் ஜன்னலிலிருந்து கத்தினாள். "அவ உசரத்தைப் பாத்துட்டு வா!"

என் தோள் உயரம் இருந்தாள். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. ஸ்டுடியோ வாசலில் நின்று உள்ளே தேடிவிட்டு, என்னைக் கண்டதும் இடது கண் சுருங்கச் சிரித்தாள். இத்தனை வருஷம் ஒரு தகரத்தைப் பார்த்துச் சாப்பிட்டதெல்லாம் வீண்போகவில்லை என்று தோன்றியது.

"நல்லா இருக்கீங்களாண்ணா?" என்றாள்.

டின்னில் புருஷன், நேரில் அண்ணன். என் ராசி அப்படி.

"இருக்கேன். அவர் வரலையா? பை மாட்டிக்கிட்டு நின்னாரே?"

"அவர் தவறிட்டாருண்ணா. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றாள்.

ஐயோ என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அந்த ஐயோவுக்கு அடியில் வேறொன்று மெல்லத் தலைதூக்கியது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அது துக்கம்கூட அறியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அதற்காக அது அடங்கிவிடவும் இல்லை.

எங்களை அதே மாதிரி ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். முகப்பூச்சு கிடையாது, பாட்டு கிடையாது. அந்த மேடத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் எந்த வரியைச் சொல்வதானாலும், சொல்வதற்கு முன்னால் கேமரா பக்கத்தில் நின்று "உண்மையா?" என்று கேட்பாள். உண்மை என்றால் சொல்லலாம். இல்லை என்றால் எப்பேர்ப்பட்ட வரியானாலும் கிடையாது. புது முதலாளி பேசுவதற்காக எழுதிய வரிகளில் பாதி இப்படியே போய்விட்டதாக விளக்குப் பிடிக்கும் ஆள் என் காதில் சொன்னான்.

முதலில் அவளிடம் கேட்டாள். "'நாங்க குடும்பம் இல்ல.' உண்மையா?"

"உண்மை."

"'எங்களுக்குள்ள எந்த சம்பந்தமும் இல்ல.' உண்மையா?"

"உண்மைதான்" என்று பட்டென்று சொன்னாள். யோசிக்கக்கூட இல்லை. யோசிக்க அவளுக்கு என்ன இருக்கிறது? கேமராவைப் பார்த்து இரண்டு வரியையும் தண்ணீர் குடிப்பதுபோலச் சொல்லி முடித்தாள்.

அடுத்து என் முறை வந்தது. "'நாங்க குடும்பம் இல்ல.' உண்மையா?"

"உண்மை."

"'எங்களுக்குள்ள எந்த சம்பந்தமும் இல்ல.' உண்மையா?"

உண்மை என்று ஒரு சொல் சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். முழங்கை அன்றுபோலவே பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் படவில்லை. மேடம் காத்திருந்தாள்.

"இல்ல மேடம்" என்றேன். "அது உண்மை இல்ல."

விளக்குக்காரன் என்னைப் பார்த்தான். அவளும் திரும்பி என்னைப் பார்த்தாள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"இத்தனை வருஷமா ஒரே டின்ல இருந்திருக்கோம். கீறினவங்க ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் கீறினாங்க. சம்பந்தமே இல்லன்னு எப்படிச் சொல்றது?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நல்லவேளை, நகைச்சுவையாகப் போய்விட்டது. பாவி, நகைச்சுவையாகவே போய்விட்டதே என்றும் இருந்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். ஏன் என்று கேட்பாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை.

"அப்ப அந்த வரி வேண்டாம். உங்களுக்கு எது உண்மையோ அதைச் சொல்லுங்க" என்றாள்.

"இவங்க என் மனைவி இல்ல. ஒரே ஒரு நாள் பக்கத்துல உக்காந்தேன்" என்றேன். குரல் கடைசியில் கொஞ்சம் கம்மியது. இன்னொரு முறை எடுக்கலாமா என்று விளக்குக்காரன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் மேடம்.

பிறகு டீ கொடுத்தார்கள். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடித்தாள். இதெல்லாம் டின்னில் வராத விஷயங்கள். நான் ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்துக்கொண்டேன்.

"நீங்க இன்னும் அந்த ஹார்டுவேர் கடையிலதானா?"

"ஆமா."

"பசையெல்லாம் இருக்குமா?"

"பசை இல்லாம ஹார்டுவேரா? எது வேணும்னாலும் இருக்கு."

"அப்ப ஒரு நாள் வர்றேண்ணா" என்றாள். கடை எங்கே என்று விவரமாகக் கேட்டுக்கொண்டாள்.

அந்த விளம்பரம் எல்லா இடத்திலும் வந்தது. எனக்கு டிவியில் என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அக்கா பார்த்துவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். ஆனால் சனங்களுக்கு அது பிடித்துப்போனது. "அந்தாளு சொல்றப்போ பொய் சொல்ற மாதிரியே இல்லப்பா" என்று பேசிக்கொண்டார்கள். பொய்யாக இருந்தால்தானே? எண்ணெய் விற்க ஆரம்பித்தது. அந்த மேடம் போன் செய்து, "எங்க அம்மா ஒரு டின் வாங்கிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். குரலைக் கேட்டால் அழுதிருப்பாள்போல இருந்தது.

முதலாளி என்னை மறுபடி கடையின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார். துருப்பிடிக்காது என்று நான் சொன்னால் இப்போது யாரும் குழாயைத் திருப்பிப் பார்ப்பதில்லை. போன மானம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் நான் அதற்காகவா முன்பக்கம் நின்றேன்? வாசலைப் பார்க்க வசதியாக இருந்தது, அதற்காக நின்றேன். நரைத்த தலை ஒன்று கண்ணில் பட்டால் போதும், கையிலிருக்கும் ஆணியை எண்ண மறந்துவிடுவேன். சட்டையை ஒழுங்காகத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். வந்தால் என்ன பேசுவது என்று குளிக்கும்போது பேசிப் பார்த்தேன். "நீங்க தனியா இருக்கீங்க, நானும் தனியாத்தான் இருக்கேன்" என்று ஆரம்பித்து, பாதியில் வெட்கம் வந்து தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத வேளையில் வந்தாள்.

"சொன்னபடி வந்துட்டேன் பாத்தீங்களா" என்று சொல்லிக்கொண்டே, கையிலிருந்த துணிப்பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எங்கள் டின். அவளும் வைத்திருக்கிறாள்! ஒரு கணம் எனக்குக் கடை, தெரு எல்லாம் மறந்துவிட்டது.

பிறகுதான் பார்த்தேன். மேஜைக்குப் பின்னால் அவள் இருந்தாள், மகள் இருந்தாள். நான்தான் இல்லை. என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டிங் மாஸ்டர் இருந்தார். ஏதோ ஒரு போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் பிசிறில்லாமல் வெட்டி, என் முகத்தின் மேல் அளவாக ஒட்டியிருந்தார்கள். ஏறியிருந்த பல் இரண்டும் தெரியச் சிரித்தார்.

"அவர் வேலைதான்" என்றாள். "டின் வந்த அன்னிக்கு அவருக்குச் சிரிப்புத் தாங்கல. 'எவனோ என் சோத்தைத் தின்னுட்டு இருக்கான் பாரு'ன்னு கத்தரிய எடுத்து வெட்டி ஒட்டிட்டாரு. பாப்பா வளர்றவரைக்கும் அந்தப் படத்துல இருந்தது அவங்கப்பான்னுதான் நினைச்சுட்டு இருந்தா. நீங்க தப்பா எடுத்துக்காதீங்கண்ணா."

"இதுல என்ன தப்பு" என்றேன்.

"அவர் ஒட்டினது அவ்வளவு நாள் நின்னுச்சு. இப்ப ஓரம் பிரியுது. நானும் என்னென்னமோ போட்டு ஒட்டிப் பார்த்துட்டேன். அடுப்புச் சூட்டுல மறுபடி மறுபடி வந்துடுது." விரலால் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் கன்னம் பிரிந்த இடத்தில் என் காதும் பாதிக் கண்ணும் தெரிந்தன. "காலைல எந்திரிச்சு அடுப்பங்கரைக்குப் போனா இதைத்தாண்ணா முதல்ல பாப்பேன். முகம் கிழிஞ்சு போயிடுமோன்னு பயமா இருக்கு. இதை மாதிரி சிரிச்ச போட்டோ வேற இல்ல."

குளியலறையில் பேசிப் பார்த்ததெல்லாம் வந்த வழியே போயிற்று. அவளும் என்னைப்போலவே இந்தத் தகரத்தைப் பார்த்துத்தான் பொழுதை ஓட்டியிருக்கிறாள். அவள் பார்த்தது வேறு முகம்.

பின்னால் அலமாரியில் இரண்டு பசை இருந்தது. ஒன்று சாதாரண வெள்ளைப் பசை. ஒட்டும்போது கல் மாதிரி இருக்கும். எண்ணெய்ப் புகை பட்டால் மாதம் திரும்புவதற்குள் வாய் பிளந்துவிடும். அதைக் கொடுத்தால் திரும்பத் திரும்ப வருவாள். வரும்போதெல்லாம் "பாருங்கண்ணா, மறுபடி வந்துடுச்சு" என்பாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகம் நைந்து, என்றைக்காவது ஒரு நாள் அவள் காலையில் எழுந்து அடுப்பங்கரைக்குப் போகும்போது முழுதாக நான் இருப்பேன். இந்தக் கணக்கு எல்லாம் என் மண்டைக்குள் ஓடியது. ஓடவில்லை என்று சொன்னால் அது பொய்.

மற்றது இரண்டு ட்யூப்பாக வரும் பசை. கலந்து போட வேண்டும். ஒட்டினால் தகரம் போனாலும் அது போகாது.

என் கை அதைத்தான் எடுத்தது.

"இது நிக்குமாண்ணா?"

"நிக்கும்."

அவள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, அந்த மேடம் மாதிரியே கேட்டாள். "உண்மையா?" கேட்டுவிட்டு இடது கண் சுருங்கச் சிரித்தாள்.

"உண்மை. இதுக்கப்புறம் நீங்க வர வேண்டியே இருக்காது" என்றேன்.

"அப்ப நீங்களே ஒட்டிக் குடுத்துடுங்கண்ணா. எனக்குக் கை நடுங்குது."

முதலாளி அவளுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். நான் அந்தக் காகித முகத்தை மெதுவாக உரித்து எடுத்து ஓரமாக வைத்தேன். அடியில் இருபத்தெட்டு வயதில் நான், வெள்ளைப் பல் தெரிய, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. துணியை நனைத்து என் முகத்தை நானே சுத்தமாகத் துடைத்தேன். பசையைக் கலந்து மெல்லிசாகப் பூசினேன். அவரை எடுத்து, பல் கோணாமல், கழுத்துக்கோடு சரியாகப் பொருந்தும்படி வைத்து, கட்டைவிரலால் அழுத்தினேன்.

"காயற வரைக்கும் அழுத்திப் பிடிச்சுட்டே இருக்கணும்" என்றேன்.

"எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லண்ணா. இருக்கேன்."

பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று விளக்குக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்த அதே பார்வை. அவள் முழங்கை மேஜைமேல் என் முழங்கைக்கு அருகில் இருந்தது. வெளியே யாரோ பூட்டு கேட்டு வந்தார்கள், முதலாளி போய்ப் பார்த்தார்.

"ஒட்டிடுச்சாண்ணா?"

என் விரலுக்கு அடியில் அது எப்போதோ இறுகிவிட்டது.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன்.